நமாஸ் ‘படா’ அல்ல, ‘படீ’: இந்தி கற்போர் தடுமாறும் இடங்கள்



மும்பைக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகும் பிள்ளை, தேவ்பந்துக்கோ லக்னோவுக்கோ ஓதப் போகும் மாணவர், டெல்லியிலோ அலிகரிலோ கல்லூரியில் இடம் கிடைத்துப் போகும் மகள் என்று நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் இருக்கிறார். ஊரில் இருக்கும்வரை தேவைப்படாத இந்தி, ரயிலை விட்டு இறங்கியதும் தேவைப்படுகிறது. இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு, நம் தேவைக்காக விரும்பிக் கற்பது வேறு. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வெண்தாடியுடன் பெரியவர் ஒருவர் வருகிறார். நம்மூர்ப் பையன் அன்போடு நாற்காலியை இழுத்துப் போட்டு, “தும் பைட்டோ” என்கிறான். அவன் சொல்ல நினைத்தது, “உட்காருங்கள்”. பெரியவர் காதில் விழுந்தது, “நீ உட்கார்”. பையனின் மனதில் மரியாதை இருக்கிறது, வாக்கியத்தில் இல்லை. இலக்கணப் பிழை என்பது பரீட்சையில் மதிப்பெண் குறைவதோடு முடிவதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

முதலில் ஒரு விளக்கம். பேச்சு வழக்கில் இந்திக்கும் உர்தூவுக்கும் அடிப்படை இலக்கணம் ஒன்றுதான். எழுத்து வேறு, உயர்நடைச் சொற்கள் வேறு. ஆகவே கீழே சொல்பவை உர்தூ படிப்பவர்களுக்கும் பொருந்தும்.

1. தூ, தும், ஆப்

தமிழில் ‘நீ’, ‘நீங்கள்’ என இரண்டு. இந்தியில் மூன்று. ‘தூ’ மிக நெருக்கமானவர்களிடம் பேசுவது; மற்றவர்களிடம் சொன்னால் அவமதிப்பு. ‘தும்’ நண்பர்களுக்கும் இளையவர்களுக்கும் உரியது. ‘ஆப்’ பெரியவர்களுக்கும் அறிமுகமில்லாதவர்களுக்கும் உரியது. நாம் துஆவில் அல்லாஹ்வை ‘நீ’ என்று அழைப்பதுபோல, அவர்களும் துஆவில் ‘தூ’ என்றே அழைக்கிறார்கள்.

‘ஆப்’ போட்டால் மட்டும் போதாது, வினைச்சொல்லும் மாற வேண்டும். ‘ஆப் பைட்டோ’ என்பது ‘நீங்கள் உட்கார்’ என்பது போன்றது. ‘ஆப் பைட்டியே’ என்பதே சரி. ‘ஆப் கஹான் ஜா ரஹே ஹோ’ என்று வடக்கே பலர் பேசுவதைக் கேட்பீர்கள். முறையான வழக்கு ‘ஆப் கஹான் ஜா ரஹே ஹைன்’ என்பதுதான்.

பெரியவர்களைப் பற்றிப் பேசும்போதும் இதே கவனம் வேண்டும். ‘வாப்பா வந்தான்’ என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் ‘மேரா அப்பா ஆயா ஹை’ என்பதன் பொருள் அதுதான். ‘மேரே அப்பா ஆயே ஹைன்’ என்று சொல்லுங்கள். உம்மாவுக்கு, ‘மேரீ அம்மீ ஆயீ ஹைன்’.

2. பேசுவது ஆணா, பெண்ணா?

தமிழில் ‘நான் போகிறேன்’ என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். இந்தியில் அப்படியில்லை. ஆண், ‘மைன் ஜாதா ஹூன்’ என்பார். பெண், ‘மைன் ஜாதீ ஹூன்’ என்பார். ‘போவேன்’ என்பதற்கு ஆண் ‘ஜாவூங்கா’ என்றும் பெண் ‘ஜாவூங்கீ’ என்றும் சொல்ல வேண்டும்.

கணவரிடமோ காக்காவிடமோ கேட்டுக் கேட்டு இந்தி பழகும் பெண்கள், அவர்கள் பேசும் ஆண்பால் வடிவத்தையே பிடித்துக்கொள்வதுண்டு. வீட்டில் யாரும் திருத்துவதில்லை, வெளியே சிரிப்பார்கள். கற்றுக்கொடுக்கும் ஆண்கள், பெண்பால் வடிவத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

3. உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு

நம்மைப் பெரிதும் திணறடிப்பது இதுதான். தமிழில் கதவும் புத்தகமும் ‘அது’. இந்தியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோதான் இருக்கும். ‘ஆ’ என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால், ‘ஈ’ என்று முடிபவை பெரும்பாலும் பெண்பால். ஆனால் ‘பானீ’ (தண்ணீர்) ஆண்பால். ஆக, விதி பாதி தூரம்தான் கூட வரும்.

அரபி ஓதிய நம் பிள்ளைகளுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. இந்தியிலும் உர்தூவிலும் புழங்கும் அரபிச் சொற்கள் ஏராளம். சொல் தெரியும் என்பதால், அரபியில் உள்ள பாலையே இங்கும் போட்டுவிடுகிறோம். ஆனால் ‘கிதாப்’ அரபியில் ஆண்பால், இந்தியில் பெண்பால். ‘மஸ்ஜித்’, ‘மவ்த்’, ‘உம்ர்’ (வயது) ஆகியவையும் அப்படியே. ‘கலிமா’ அரபியில் பெண்பால், உர்தூவிலோ ஆண்பால். சொல்லை அரபியிலிருந்து எடுத்தார்கள், பாலைத் தங்கள் வழக்கப்படி வைத்துக்கொண்டார்கள்.

நாம் அன்றாடம் சொல்லும் மார்க்கச் சொற்களை இப்படிப் பிரித்து மனதில் வைக்கலாம்.

பெண்பால்: நமாஸ், துஆ, ஸகாத், அஸான், மஸ்ஜித், ஈத்.

ஆண்பால்: ரோஸா (நோன்பு), ஹஜ், உம்ரா, குர்ஆன், கலிமா.

இதற்கு எளிய வழி, எந்தச் சொல்லையும் தனியாக மனனம் செய்யாமல் இருப்பதுதான். ‘புதிய’ என்பதற்கான சொல்லைச் சேர்த்தே படியுங்கள். நயீ கிதாப், நயீ மஸ்ஜித், நயா கர் (புது வீடு), நயா கமரா (புது அறை). முன்னே வரும் ‘நயா’வும் ‘நயீ’யும் பாலை நினைவில் நிறுத்திவிடும்.

4. கா, கீ, கே

தமிழில் ‘உடைய’ மாறுவதில்லை. இந்தியில் மாறும். எதைப் பார்த்து மாறும் என்பதில்தான் தவறு நேர்கிறது. உரிமையாளர் பெண் என்றால் ‘கீ’ போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, உடைமையைத்தான் பார்க்க வேண்டும். கர் (வீடு) ஆண்பால், ஆகவே ‘ஃபாத்திமா கா கர்’. காடீ (வண்டி) பெண்பால், ஆகவே ‘ராஷித் கீ காடீ’. மேரா, மேரீ, மேரே ஆகியவற்றுக்கும் இதே விதி.

5. ‘நே’ வரும் இடம்

இந்தி ஆசிரியர்கள் அதிகம் சிவப்பு மை செலவழிப்பது இங்கேதான். ‘நான் தொழுதேன்’ என்று சொல்லும்போது, தமிழில் வினைச்சொல் ‘நான்’ என்பதோடு பொருந்துகிறது. இந்தியிலோ, முடிந்த செயலில் செயப்படுபொருள் இருந்தால், எழுவாயோடு ‘நே’ சேரும். வினை எழுவாயை விட்டுவிட்டுச் செயப்படுபொருளின் பின்னே போய்விடும்.

மைனே நமாஸ் படீ. (தொழுதேன்)
மைனே ரோஸா ரக்கா. (நோன்பு வைத்தேன்)
மைனே ஸகாத் தீ. (ஸகாத் கொடுத்தேன்)
மைனே ஹஜ் கியா. (ஹஜ் செய்தேன்)

இந்த நான்கையும் ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் மாற்றமில்லை. ஆண் என்பதால் ‘நமாஸ் படா’ என்றும், பெண் என்பதால் ‘ஹஜ் கீ’ என்றும் சொல்லக் கூடாது. நமாஸ் பெண்பால், ஆகவே ‘படீ’. ஹஜ் ஆண்பால், ஆகவே ‘கியா’. இந்த நான்கு வாக்கியங்களும் நாவில் படிந்துவிட்டால் பாதி இலக்கணம் கைக்கு வந்துவிடும்.

விலக்குகளும் உண்டு. வருதல், போதல், உட்காருதல் போன்ற செயப்படுபொருள் இல்லாத வினைகளுக்கு ‘நே’ வராது: மைன் ஆயா, மைன் ஆயீ. செயப்படுபொருள் இருந்தும் லானா (கொண்டுவருதல்), பூல்னா (மறத்தல்) ஆகியவற்றுக்கு ‘நே’ சேர்ப்பதில்லை: மைன் கிதாப் லாயா. செயப்படுபொருளோடு ‘கோ’ சேர்ந்துவிட்டால், வினை ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும். ‘மைனே உஸ் அவ்ரத் கோ தேக்கா’ (அந்தப் பெண்ணைப் பார்த்தேன்) என்பதில் ‘தேக்கீ’ வராது.

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் வீட்டில் உர்தூ பேசும் நம் சகோதரர்கள், ‘நாங்கள் நே போடாமல்தானே பேசுகிறோம்’ என்று கேட்கலாம். உண்மைதான். அது தக்கினி வழக்கு. ஹைதராபாதிலும் அப்படிப் பேசுகிறார்கள். தாய்வழி வந்த பேச்சைப் பிழை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் தேர்விலும் விண்ணப்பத்திலும் ‘நே’ எதிர்பார்க்கப்படும் என்பதை அவ்வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

6. ‘எனக்கு’ என்பதற்கு மூன்று வழிகள்

‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்பது ‘முஜே பானீ சாஹியே’. ‘எனக்குக் காய்ச்சல்’ என்பது ‘முஜே புகார் ஹை’. இவ்விடங்களில் இந்தி தமிழைப் போலவே நடக்கிறது. ஆங்கிலம் வழியாக யோசித்து ‘மைன் சாஹியே’ என்று சொல்பவர்கள்தான் தவறுகிறார்கள்.

ஆனால் ‘எனக்கு இரண்டு பிள்ளைகள்’ என்பதை ‘முஜே தோ பச்சே’ என்று சொல்லக் கூடாது. உறவுக்கு ‘என்னுடைய’ வரும்: மேரே தோ பச்சே ஹைன். ஒரு மகள் என்றால், மேரீ ஏக் பேட்டீ ஹை. கையில் இருக்கும் பொருளுக்கு ‘பாஸ்’ வரும்: மேரே பாஸ் பைஸே நஹீன் ஹைன் (என்னிடம் பணம் இல்லை). வேண்டுவதற்கும் உடல் உபாதைக்கும் முஜே, உறவுக்கு மேரா, உடைமைக்கு மேரே பாஸ். மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் இந்த மூன்றும் கட்டாயம் தேவைப்படும்.

7. பொருளையே மாற்றிவிடும் இரண்டு

‘அவன் தன் ஃபோனை விற்றான்’ என்பதை ‘உஸ்னே உஸ்கா ஃபோன் பேச்சா’ என்றால், அவன் வேறொருவனின் ஃபோனை விற்றான் என்று கேட்பவர் புரிந்துகொள்வார். நல்ல பிள்ளைமீது நாமே பழி போட்டதாகிவிடும். எழுவாய்க்கே உரிய பொருளானால் ‘அப்னா’ வர வேண்டும்: உஸ்னே அப்னா ஃபோன் பேச்சா. ‘நான் என் வேலையைச் செய்கிறேன்’ என்பதும் ‘மைன் அப்னா காம் கர்தா ஹூன்’ என்றுதான் வரும், ‘மேரா காம்’ அல்ல.

இன்னொன்று ‘கோ’வும் ‘ஸே’யும். ‘அவரைக் கேட்டேன்’ என்ற நம் பழக்கத்தில் ‘உஸ்கோ பூச்சா’ என்கிறோம். ‘உஸ்ஸே பூச்சா’ என்பதே சரி. ‘அவரைச் சந்தித்தேன்’ என்பதற்கு ‘உஸ்ஸே மிலா’. அதையே ‘உஸ்கோ மிலா’ என்றால் ‘அவருக்குக் கிடைத்தது’ என்று பொருள் மாறிவிடும்.

8. மரமில் அல்ல, மரத்தில்

‘மரம்’ என்பதோடு ‘இல்’ சேர்த்தால் ‘மரமில்’ என்று யாராவது சொல்வோமா? ‘மரத்தில்’ என்று சொல் உருமாறுகிறது. ‘வீடு’ ‘வீட்டில்’ ஆகிறது. இந்தியிலும் இதுபோல உண்டு. ‘ஆ’ என்று முடியும் ஆண்பால் சொற்களில் பெரும்பாலானவை, உருபு சேரும்போது ‘ஏ’ ஆகும். மத்ரஸா, மத்ரஸே மேன். கமரா, கமரே மேன். பேட்டா, பேட்டே கோ. கூடவே அடைமொழியும் மாறும்: ‘மேரா பேட்டே கா நாம்’ தவறு, ‘மேரே பேட்டே கா நாம்’ சரி.

9. தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பவர்களுக்கு

இக்கட்டுரையிலேயே ஒரு குறை இருக்கிறது. இந்திச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம். ‘படா’ என்று எழுதினால் அது ‘பெரிய’ என்பதா, ‘படித்தார்’ என்பதா? ‘கானா’ என்பது சாப்பாடா, பாட்டா? ‘ஸாத்’ என்பது ஏழா, ‘கூட’ என்பதா? காகிதத்தில் ஒன்றாகத் தெரிபவை வாயில் வெவ்வேறு. விருந்தில், ‘சாப்பாடு நன்றாக இருந்தது’ என்று சொல்ல நினைத்து, பாட்டைப் புகழ்ந்துவிட்டு வர நேரலாம்.

குர்ஆனை மக்ரஜ் பார்த்து ஓதிப் பழகிய பிள்ளைகளுக்கு இது எளிது. ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறும் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. இரண்டு மூன்று வாரம் ஒதுக்கி இந்தி எழுத்துகளைக் கற்றுவிட்டால், பிறகு இந்தக் குழப்பம் இல்லை.

எப்படிப் பழகுவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முயல வேண்டாம். வாரத்துக்கு ஒரு தலைப்பு எடுங்கள். இஷாவுக்குப் பிறகு, அன்று செய்த ஐந்து செயல்களை ‘மைனே’ வைத்துச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் இருவர் படித்தால் ஒருவரையொருவர் திருத்தலாம். முறையாகத் தேர்வு எழுத விரும்புவோருக்கு, 1918-ல் தொடங்கப்பட்ட தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவின் ப்ராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா தேர்வுகள் இருக்கின்றன.

பிழை வரும் என்று பயந்து வாய் மூடி இருப்பது பிழையாகப் பேசுவதைவிட மோசம். முதலில் ‘ஆப்’பையும் ‘இயே’யையும் சரிசெய்துகொள்ளுங்கள். மரியாதை சரியாக இருந்தால், மற்ற பிழைகளைக் கேட்பவர் பொறுத்துக்கொள்வார்.

மக்களின் மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் அல்குர்ஆனில் (30:22) குறிப்பிடுகிறான். யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் சொன்னதும், அவர்கள் அரை மாதத்துக்குள் அதைக் கற்றுத் தேர்ந்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கின்றன. கடிதத்தில் உள்ளது உள்ளபடி வந்து சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். நாம் சொல்ல நினைத்ததும் உள்ளபடி போய்ச் சேர வேண்டும். இந்த உழைப்பெல்லாம் அதற்காகத்தான்.

இன்ஷா அல்லாஹ், முயற்சி செய்வோம்.