உங்களுக்குத் தெரியுமா? வீட்டு ஷாம்பு பிரியாமல் இருக்க...

● கருங்குழியோ மதுராந்தகமோ, நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும் சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு ஆகிய மூன்றிலும் நுரை தருவது ஒரே வகைப் பொருள்தான்: சாப்போனின்.

● சீயக்காய்ப் பொடியைத் தண்ணீரில் கலந்து பாட்டிலில் வைத்தால் மறுநாள் அடியில் வண்டல், மேலே தெளிநீர். கெட்டுவிட்டதென்று பலர் கொட்டிவிடுகிறார்கள். பாவம், கெடவில்லை! சாப்போனின் நீரில் கரைந்துவிடும். நாரும் தோலும் கரையாது, கீழே இறங்கிவிடும். அதனால் பொடி வேண்டாம். காயை ஒன்றிரண்டாக இடித்து இரவே ஊறவையுங்கள். காலையில் கொதிக்கவிட்டு, ஆறியதும் மெல்லிய பருத்தித் துணியில் இருமுறை வடிகட்டுங்கள். வண்டல் தொல்லை பெரும்பாலும் அதோடு தீர்ந்தது.

● மிச்சமிருக்கும் துகளை மிதக்கவைக்கக் கொழகொழப்பு வேண்டும். ஊறிய வெந்தயம், கசக்கிய செம்பருத்தி இலை இரண்டும் அதைத் தரும். கேக் செய்பவர்கள் வாங்கும் சாந்தன் கம் இன்னும் உறுதி. 100 மில்லிக்கு அரை கிராமே தாராளம். நேரே தூவினால் கட்டி தட்டும். முதலில் கிளிசரினில் குழைத்துக்கொள்ளுங்கள்.

● சோப்புத் திரவத்தில் எலுமிச்சைச் சாறு ஊற்றினால் திரிந்துவிடும். அமிலம் பட்டதும் சோப்பு மீண்டும் கொழுப்பமிலமாகிவிடுவதே காரணம். சீயக்காயும் புளிப்பு குணமுள்ளதுதான். அதனால் சோப்போடு அதைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

● மாமல்லபுரம் கரையோரம் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் சோப்பு நுரைக்காமல் தலையில் பிசுபிசுவென்று படியும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் செய்கிற வேலை அது. சீயக்காய் அப்படிப் படிவதில்லை.

● கடைப் பொருளாக வரும் நுரைத் திரவத்தில் சமையல் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் கெட்டியாகும். ஓர் அளவைத் தாண்டினால் மறுபடி தண்ணீராகிவிடும்!

● 'சிக்' ஷாம்பு, கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணனின் பெயரைச் சுருக்கி வைத்தது. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் ஷாம்புத் தொழிலைத் தொடங்கினார்.

● வீட்டில் காய்ச்சிய சீயக்காய்க் கஷாயத்தில் பதப்படுத்தும் மருந்து கிடையாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் மூன்று, நான்கு நாளுக்கு மேல் நம்ப வேண்டாம். பிரிந்திருந்தால் குலுக்கிக்கொள்ளலாம், புளித்த வாடை வந்தால் எவ்வளவு நுரைத்தாலும் கொட்டிவிடுங்கள்.