கோடை வெயிலும் வீட்டிலுள்ள மருந்துகளும்

சித்திரைக் கடைசியிலும் வைகாசித் தொடக்கத்திலும், அக்கினி நட்சத்திர நாட்களில், சென்னைக்கு மேற்கேயுள்ள ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரங்களில் மேல்காற்று அனலாக வீசும். கடற்காற்று கரையோரத்தைக் குளிர்வித்து நேரம் கழிந்த பின்னரே கோவில்பதாகை போன்ற ஏரிக்கரை ஊர்களை எட்டும். எட்டாமலே போகும் நாட்களும் உண்டு. 2003 மே 31 அன்று சென்னையில் வெப்பம் 45 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டது. அது நிழலில் எடுத்த அளவு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒட்டிய பரணில் உஷ்ணம் எவ்வளவு ஏறும் என்பதை, அங்கே கையை வைத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். பல வீடுகளில் மருந்துப் பை இருப்பதோ அந்தப் பரணில், அல்லது அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில்!

முன்னாளில் கிராம வீடுகளில் மருந்து என்று அதிகம் இருந்ததில்லை. இன்று நிலைமை வேறு. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இல்லாத குடும்பம் அரிதாகிவிட்டது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வரலாயின. 1994-ல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் காத்து, மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. இத்தனை பேர் கண்காணித்த மருந்து, கடைசியில் நம் வீட்டில் வாரக்கணக்கில் கிடக்கிறது. அங்கே அதற்குக் காவல் நாமேதான்.

மாத்திரை அட்டையில் ‘30 டிகிரிக்கு மிகாத உஷ்ணத்தில் வைக்கவும்’ என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். காலாவதித் தேதியும் இந்த நிபந்தனைக்கு உட்பட்டதே. அட்டையில் கண்டபடி வைத்திருந்தால்தான் அந்தத் தேதி வரை மருந்து வீரியத்துடன் இருக்குமென்று நம்பலாம். ஒருநாள் வெயிலில் எல்லா மாத்திரைகளும் கெட்டுவிடுவதில்லை. ஆனால் கோடை முழுவதும் சூட்டில் கிடப்பது வேறு விஷயம். சூட்டைப் போலவே ஈரமும் பகையாகும். ஈரம் பட்ட ஆஸ்பிரின் மாத்திரை சிதைந்து வினிகர் நெடி வீசும். நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையில் உள்ள மருந்து ஆவியாகிப் போகக்கூடியது. அதை வந்த குப்பியிலேயே இறுக மூடி வைத்தல் வேண்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டி வைப்பதும், தேதியுள்ள ஓரத்தை முதலில் நறுக்கி எறிவதும் நம்மவர்களிடம் உள்ள தவறான பழக்கங்கள்.

மாத்திரைகளுக்கு ஏற்ற இடம் எது? கூரைக்குக் கீழே தாழ்வாகவும், மேற்குச் சுவரை ஒட்டாமலும், அடுப்புக்கும் குளியலறைக்கும் தொலைவாகவும் உள்ள உள்ளறையே சிறந்தது. ஆயினும் தரையில் வைத்தல் கூடாது. குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரமும், கூடுமானால் ஒரு பூட்டும் அவசியம். குளிர்பதனப் பெட்டியின் தலைமேல் வைப்பதும் தவறு. அவ்விடம் பெரும்பாலும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் வேண்டுவது இன்சுலின். பிரிக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் வைக்க வேண்டும். உபயோகத்தில் உள்ள குப்பியைப் பொதுவாக நான்கு வாரம் வரை, 25 அல்லது 30 டிகிரிக்கு மிகாமல், வெளியில் வைக்கலாம்; சரியான அளவை அதனுடன் வரும் தாளில் காண்க. சூட்டில் வீரியம் இழந்த இன்சுலின் பார்வைக்கு மாறாமலும் இருக்கக்கூடும். அதைப் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை ஏறும். குப்பி கிடந்த இடத்தை அறியாத டாக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு புதுக் குப்பியிலிருந்து அதே கூட்டிய அளவை ஏற்றினால் சர்க்கரை திடீரென இறங்கி, நோயாளி மயங்கி விழவும் நேரிடும். ஆகையால் கோடையில் சர்க்கரை காரணமின்றி ஏறினால், மருந்து எங்கே இருந்தது என்பதையும் டாக்டரிடம் சொல்லுதல் அவசியம்.

குளிர்பதனப் பெட்டி இல்லாதவர்களுக்கு நம் குயவர் செய்யும் மண்பாண்டமே துணை. வாயகன்ற மண்சட்டியில் மணலைப் பரப்பி, நடுவே சிறு கலயத்தைப் பதித்து, இடைவெளியையும் மணலால் நிரப்பி, நாளுக்கு இருமுறை நீர் தெளித்து வர வேண்டும். இன்சுலின் குப்பியைப் பிளாஸ்டிக் பையில் ஈரம் புகாமல் கட்டிக் கலயத்தில் வைத்து, ஈரத்துணியால் மூடலாம். வர்ணம் பூசிய சட்டி உதவாது. நுண்துளைகள் அடைபட்டால் நீர் கசிந்து ஆவியாக வழியில்லை. நிழலில், காற்று வரும் இடத்தில் வைக்க வேண்டும். மேல்காற்று வறண்டு வீசும் வேளையில், அதாவது நமக்குக் குளிர்ச்சி மிகவும் வேண்டிய நேரத்தில், இது நன்றாக வேலை செய்யும். கடற்காற்றின் புழுக்கத்தில் சற்றுக் குறையும். இதனால் 2 முதல் 8 டிகிரி கிட்டாது. உபயோகத்திலுள்ள குப்பிக்கே இது ஏற்றது. கென்யா நாட்டின் டடாப் அகதி முகாமில் நிலவும் 25 முதல் 37 டிகிரி வரையான ஏற்றஇறக்கத்தில் இன்சுலின் நான்கு வாரம் வீரியம் குன்றாதிருந்ததாக ஜெனீவா பல்கலைக்கழகத்தாரும் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பினரும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அதற்கு மேற்பட்ட சூட்டுக்கு அந்த உறுதி இல்லை.

குளிர்பதனப் பெட்டி உள்ளவர்களும் குப்பியை உறைபனி அறையிலோ அதை ஒட்டியோ வைக்கலாகாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பின்னும் உதவாது. பனிக்கட்டிமேல் நேரே வைப்பதும் அவ்வாறே கெடுதல். மின்சாரம் நின்றால் கதவைத் திறவாதிருப்பதே நலம்.

ஆவடியில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறவர் அதை ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் போட்டு, வழியில் கடைகண்ணிக்கு நின்றுவிடுவதுண்டு. கீழே எஞ்சின், மேலே வெயில்! கைப்பையில் எடுத்து நேரே வீட்டுக்கு வருவதே சரி. குழந்தைகளுக்கான பொடிமருந்தை, நீர் கலந்தபின், புட்டியில் குறித்த நாட்களுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. கரைத்த உப்புச் சர்க்கரைக் கரைசலை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட வேண்டும். நிறம் மாறிய, ஒட்டிக்கொண்ட, நொறுங்கிய மாத்திரை எதுவாயினும், அதை அட்டையுடன் ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநரிடம் காட்டி மாற்று மருந்து கேட்கலாம். ஐயத்தின்பேரில் தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது.