பனியன் ஊரில் 127 நாள்!

விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டிலிருந்து ஒரு கிழவி எழுதுகிறேன். எனக்கு வயது 66. பத்து நாளாக மனசில் உருண்டு கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்வதா, வேண்டாமா என்று யோசித்து, சொல்லிவிடுவது என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

என் பேத்தி விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். ஏதாவது ஒரு தொழில் சங்கத்தின் ஆரம்ப கால வரலாற்றை எழுதி வரச் சொன்னார்களாம். அவள் திருப்பூர் பனியன் முதலாளிகளின் சங்கத்தை எடுத்துக் கொண்டாள். காரணம் நான்தான். "ஆயா, நீ அங்க பதினெட்டு வருஷம் இருந்தியே... சொல்லு!" என்று நோட்டும் பேனாவுமாக என் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விட்டாள்.

முதலில், தான் சேகரித்ததைப் படித்துக் காட்டினாள். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்று ஒரு பாதிரியார். 1589-இல் காலுறை பின்னும் மிஷினைக் கண்டுபிடித்தாராம். அவர் விரும்பிய பெண் எந்நேரமும் கம்பியும் நூலுமாகவே இருந்தாள், இவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, அந்தக் கோபத்தில்தான் மிஷின் செய்தார் என்று ஒரு கதை உண்டாம்! நிஜமோ பொய்யோ, எனக்குச் சிரிப்பு வந்தது. எலிசபெத் ராணி அவருக்கு உரிமம் கொடுக்கவில்லை. மனுஷன் பிரான்சுக்குப் போய் அங்கேயே செத்துப் போனார். அப்புறம் 1657-இல் லண்டனில் மிஷினில் பின்னுகிறவர்கள் சாசனம் வாங்கி ஒரு சங்கமே அமைத்து விட்டார்களாம்.

நம்ம பக்கம் 1925-இல்தான் வந்தது. குலாம் காதர் சாயபு என்பவர் கல்கத்தாவில் பனியன் மிஷினைப் பார்த்து, அதைத் திருப்பூருக்குக் கொண்டு வந்து 'பேபி நிட்டிங்' என்று கம்பெனி தொடங்கினார். கையால் சுற்றுகிற மிஷின். பிறகு ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, 1956-இல் முதலாளிகள் சேர்ந்து தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 'சைமா' என்றால்தான் திருப்பூரில் தெரியும். நூல் விலை ஏறினாலும், கூலிப் பேச்சு வந்தாலும் அங்கே கூடுவார்கள். 1978-இல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் பனியன் கேட்டு வந்தார், ஏற்றுமதிக்கு வழி பிறந்தது. 1990-இல் ஏ. சக்திவேல் தலைமையில் ஏற்றுமதியாளர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். 1985-இல் 20 கோடி ரூபாய்க்குள் இருந்த ஏற்றுமதி, 1990-இல் ஏறக்குறைய 300 கோடி!

படித்து முடித்துவிட்டு, "இதுல நீ எங்க ஆயா இருந்த?" என்று கேட்டாளே ஒரு கேள்வி!

1983-இல் நானும் என் வீட்டுக்காரரும் கைக்குழந்தையோடு திருப்பூர் போய் இறங்கினோம். இங்கே எங்களுக்கு மல்லாட்டை போடுகிற மானாவாரி நிலம் முக்கால் காணி. அதுவும் மழை ஏமாற்றிவிட்டது. அவருக்கு ஒரு பெரிய பனியன் கம்பெனியில் வேலை கிடைத்து, சீக்கிரமே கட்டிங் பழகிக் கொண்டார்.

பின்னல் மிஷினை முதன்முதலில் பார்த்த அன்று வாய் பிளந்து நின்றேன். அண்டா மாதிரி வட்டமான இரும்பு. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் ஊசிகள். நாம் குரோஷா போடுவோமே, அதே கொக்கிதான். ஆனால் ஒவ்வொரு கொக்கிக்கும் குட்டியாக ஒரு நாக்கு உண்டு. நூலைப் பிடித்ததும் நாக்கு மூடும், கண்ணி தாண்டியதும் திறக்கும். மேலே கூம்பு கூம்பாக நூல். கீழே துணி குழாய் மாதிரி இறங்கிக் கொண்டே இருக்கும். நம் வீட்டு ஆண்கள் போடுகிற பழைய மாதிரி பனியனைப் புரட்டிப் பாருங்கள், பக்கவாட்டில் தையலே இருக்காது. அந்தக் குழாயின் சுற்றளவுதான் பனியன் அளவு. ஒரே ஒரு ஊசி முறிந்தாலும் போச்சு, துணி நெடுக ஒரு கோடு விழுந்துவிடும்.

அடுத்த வருஷமே, 1984-இல் வந்தது வேலை நிறுத்தம். பஞ்சப்படி கேட்டு எல்லாத் தொழிற்சங்கமும் சேர்ந்து நின்றன. பத்து நாளில் முடியும் என்றார்கள். 127 நாள் நடந்தது!

எண்ணிப் பாருங்கள், நான்கு மாசத்துக்கும் மேலே. முதல் மாசம் மளிகைக்காரர் கடன் கொடுத்தார். இரண்டாம் மாசம் கம்மல் போச்சு. அப்புறம் தாலியில் இருந்த குண்டு இரண்டும் போய், மஞ்சள் கிழங்கு கட்டிக் கொண்டேன். கேழ்வரகுக் கூழ்தான் மூன்று வேளையும். குழந்தைக்குப் பால் இல்லை. வீட்டுக்காரர் காலையில் பந்தலுக்குப் போனால் ராத்திரிதான் வருவார். வந்து, கூழைக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டது நியாயம்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டில் பவர் டேபிள் ஓடியது. நீள மேஜை ஒன்று, ஒரே மோட்டார், வரிசையாக நாலைந்து தையல் மிஷின். கதவைச் சாத்திக் கொண்டு ஓட்டினார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் காதோடு காதாகக் கேட்டாள், "கைமடிக்கு ஆள் வேணுமாம், வர்றியா?"

கைமடி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தைக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, பனியன் ஓரத்தை மடித்து மடித்து அவர் கைக்கு நீட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மிஷின் ஓடுகிற வேகத்துக்கு மடிக்க வேண்டும். ராத்திரி விரல் நீட்டினால் மடங்காது, மடக்கினால் நீளாது.

போனேன். அவருக்குத் தெரியாமல் போனேன். இருபத்தாறு நாள் போனேன். கிடைத்த காசில் குழந்தைக்குப் பாலும், ராத்திரிக்கு அரிசியும் வாங்கினேன். "அரிசி ஏது?" என்று கேட்டதற்கு, அக்காவிடம் கைமாத்து என்று பொய் சொன்னேன். ஒருநாள் என் புடவையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டார். தொழில் தெரிந்தவருக்கு ஒரு பஞ்சு போதாதா?

அடிக்கவில்லை, திட்டவில்லை. "நாங்க அங்க குந்திக்கிட்டு இருக்கறோம், நீ இங்க மடிச்சிக் குடுக்கறியா?" என்றார். அதோடு சரி. பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. நான் ஆக்கிய சோற்றையும் தொடவில்லை. குழந்தை பால் குடித்ததை மட்டும் பார்த்துக் கொண்டு படுத்திருப்பார்.

சொல்லும்போதே பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அது தப்பா ஆயா?" என்றாள். எனக்கு இன்றைக்கும் தெரியவில்லையம்மா என்றேன்.

ஒருவழியாக உடன்பாடு வந்து வேலை நிறுத்தம் முடிந்தது. ஆனால் பழைய மாதிரி இல்லை. ஒரே கூரைக்குள் எல்லா வேலையும் நடந்த பெரிய கம்பெனிகள், வேலையைப் பிரித்துச் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தன. முன்பு பனியன் கம்பெனி என்றால் ஆம்பிளைகள் இடம். ஏற்றுமதி பெருகப் பெருக, கைமடி, செக்கிங் என்று பெண்கள் சாரி சாரியாக உள்ளே வந்தோம். எங்களுக்குக் கூலி மட்டும் எப்போதும் ஒரு படி கீழேதான்! இவர் வேலை பார்த்த கம்பெனியிலும் ஆள் குறைத்தார்கள். மூன்று மாசம் வேலையில்லாமல் இருந்தார். ஒரு ராத்திரி கூரையைப் பார்த்தபடியே, "அந்த பவர் டேபிள்ல கட்டிங்குக்கு ஆள் வேணுமான்னு கேட்டுப் பாரு" என்றார்.

கேட்டேன். சேர்த்துக் கொண்டார்கள். அப்புறம் பல வருஷம் அவர் வெட்டிய பனியனை நான் மடித்தேன். அந்த 26 நாளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் போய் ஏழு வருஷமாகிறது.

எங்கள் ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எடுத்த கோயில் என்று ராஜா கல்லில் எழுதி வைத்திருக்கிறான். பேத்தி அதை நினைத்துக் கொண்டாளோ என்னவோ, "ராஜா பேரு இருக்கு, உளி புடிச்சவன் பேரு இல்ல ஆயா" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "நீ சொன்னதை எல்லாம் எழுதட்டுமா? தாத்தாவுக்குத் தெரியாம போனதையும்?" என்று கேட்டாள்.

எழுது என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறாளாம்.

அந்த 127 நாளில் என்னைப் போல் கதவைச் சாத்திக் கொண்டு கைமடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்தப் பகுதிக்கே நாலு வரி எழுதிப் போடுங்கள். பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பேன்.

- ஒரு வாசகி, மண்டகப்பட்டு.