ரவுண்டானாவில் நடப்பவருக்கே முதல் வழி



பெரிய ரவுண்டானாவின் ஓரத்தில் கையில் பையோடு நிற்கும் முதியவரை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். ஒரு காலை எடுத்து வைப்பார், வண்டி வரும், பின்வாங்குவார். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் நிலையும் இதுதான். "பார்த்துப் போங்க" என்று சொல்லி அனுப்புகிறோம். ஆனால் சாலையின் அமைப்பே அவர்களுக்கு எதிராக இருந்தால், எவ்வளவு பார்த்துப் போய் என்ன பயன்?

குறை எங்கே?

வாகனங்கள் தடையின்றிப் போக வேண்டும் என்று மட்டும் நினைத்துக் கட்டிய ரவுண்டானாவில் பாதை அகலமாக இருக்கும். வேகத்தைக் குறைக்காமலேயே நுழைந்து வெளியேறலாம். ஓட்டுநரின் கண் வலப்பக்கம் வரும் வண்டியின் மேலேயே இருக்கும். இடப்பக்கம் கடக்க நிற்பவர் கண்ணில் படமாட்டார். வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவையான தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்காகும்.

கேம்பிரிட்ஜில் செய்தது

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், அடன்புரூக்ஸ் மருத்துவமனைக்கு அருகே ஃபென்டன் ரோடு ரவுண்டானா உள்ளது. நெதர்லாந்து முறையில் இதை மாற்றி அமைத்து, 2020 ஜூலை இறுதியில் திறந்தார்கள். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கமாகத்தான் வண்டி ஓட்டுகிறார்கள்.

வாகனப் பாதையைக் குறுக்கினார்கள். அதைச் சுற்றிச் சைக்கிளுக்கென்று தனியாகச் சிவப்பு நிறப் பாதை. அதற்கும் வெளியே நடைபாதை. வந்து சேரும் ஒவ்வொரு சாலையிலும் வரிக்கோட்டுக் குறுக்குப்பாதை. உள்ளே நுழையும் வண்டியும் சரி, வெளியேறும் வண்டியும் சரி, நடப்பவருக்கும் சைக்கிளில் வருபவருக்கும் வழிவிட்ட பிறகே நகர வேண்டும்.

இம்முறையின் சூட்சுமம் இரண்டு. ஒன்று, வளைவு இறுக்கமாக இருப்பதால் வேகம் தானாகக் குறைகிறது. பலகை வைத்துக் கெஞ்ச வேண்டியதில்லை. இரண்டு, குறுக்குப்பாதை வட்டத்தை ஒட்டி இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்கிறது. வெளியேறும் கார் திரும்பி முடித்து, கடப்பவரை நேருக்கு நேர் பார்த்து நிற்க இடம் கிடைக்கிறது.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. சுமார் 8 லட்சம் பவுண்டு என்று தொடங்கிய செலவு 23 லட்சத்தைத் தாண்டியது. திறந்த சில நாட்களிலேயே ஒரு கார் குறுக்குப்பாதை விளக்கில் மோதிவிட்டு நிற்காமல் போனது. புதிய முறைக்கு ஓட்டுநர்கள் பழக வேண்டியிருந்தது. கட்டினால் மட்டும் போதாது, கற்றுக்கொடுக்கவும் வேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

நாம் என்ன செய்யலாம்?

அவ்வளவு பணம் இல்லாமலும் தொடங்கலாம். வெள்ளைக் கோடுகளும் தடுப்புக் கட்டைகளும் வைத்துப் பாதையைக் குறுக்கிப் பார்க்கலாம். இதைக் கேட்க நமக்கு வழி இருக்கிறது. மஹல்லா இளைஞர்கள் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் நின்று, எத்தனை பேர் எந்த இடத்தில் கடக்கிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று எழுதி எடுக்கட்டும். படத்தோடு அதை இணைத்து, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் ஆட்சியரே தலைவர். எல்லாச் சமுதாயத்தவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் மனுவுக்கு வலு கூடும். அந்தச் சாலையைக் கடப்பவர்கள் நாம் மட்டுமல்ல.

அதற்கு முன், நம் பக்கம் ஒரு திருத்தம். ஜும்ஆவுக்கு வரும் அவசரத்தில் நடைபாதையில் பைக்கை நிறுத்துகிறோம். அப்போது நடந்து வருபவர் சாலையில் இறங்கத்தான் வேண்டும். பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப்போடுவதும் தர்மம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், அந்த முள்ளாக ஆகிவிடக் கூடாது. வரும் வெள்ளிக்கிழமையே அதைத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.