மாணவனே வாத்தியார்!

தென் அமெரிக்காவில் வெனிசுலா என்று ஒரு நாடு. அதன் தலைநகர் காரகாஸ். 1975-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், அந்நகரில் மோட்டார்கள் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் 50 தாங்கிகள் தயாராக இருந்தன. இசை எழுதிய தாள்களை வைத்துப் பார்த்து வாசிப்பதற்கான தாங்கிகள் அவை. தாங்கிக்கு இருவராக 100 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார் ஒருவர். வந்தவர்கள் 11 பேர்தான்!

வேறொருவராக இருந்தால் மனம் உடைந்து வீடு திரும்பியிருப்பார். அவர் திரும்பவில்லை. அவர் பெயர் ஹோசே அந்தோனியோ அப்ரேயு. பொருளாதாரம் படித்தவர், சங்கீதமும் கற்றவர். அந்தப் பதினோரு பேரை வைத்துக்கொண்டே ஒத்திகையை ஆரம்பித்துவிட்டார். அன்று முளைத்த விதைதான் "எல் சிஸ்தேமா" என்று உலகம் அறிந்த இசைப் பயிற்சி இயக்கம்.

மேடும் பள்ளமும்

அந்தக் காலத்தில் வெனிசுலாவில் பெரிய வாத்தியக் குழுக்கள் மிகக் குறைவு. அவற்றிலும் வெளிநாட்டினரே அதிகம். உள்ளூர்ப் பிள்ளைகள் கற்றுக்கொண்டாலும் வாசிக்க இடம் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்கோ கற்கவே வழி இல்லை.

காரகாஸ் நகரில் ஏழைகளின் வீடுகள் மலைச் சரிவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி நிற்கின்றன. கீழே வசதி படைத்தவர்களின் தெருக்கள். இரு பக்கத்துப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இடம் அபூர்வம்.

அப்ரேயு ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை பயிற்சி நிலையங்களைத் திறந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அங்கே வருவார்கள். சம்பளம் கிடையாது. வாத்தியமும் இரவலாகக் கிடைக்கும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அட்டை, காகிதம், பசை இவற்றால் செய்த பொம்மை வயலின்! பெற்றோரும் கூட உட்கார்ந்து செய்து கொடுப்பார்கள். அதைப் பிடிக்கப் பழகிய பிறகுதான் உண்மையான வயலின் கைக்கு வரும்.

வாத்தியார் யார்?

இத்தனை பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்க ஆசிரியர்களுக்கு எங்கே போவது? அப்ரேயு கண்ட வழி எளிமையானது: தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை சின்னப் பையன்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது போலத்தான்.

ஆனால் இங்கே சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பு இல்லை, வில் இருக்கிறது. வயலின் வரிசையில் இருவருக்கு ஒரே தாங்கி. இருவர் வில்லும் ஒன்றாக ஏற வேண்டும், ஒன்றாக இறங்க வேண்டும். பக்கம் முடிந்ததும் ஒருவர் வாசிப்பை நிறுத்தித் தாளைத் திருப்புவார்; மற்றவர் நிறுத்தாமல் வாசிப்பார். ஒருவரை ஒருவர் நம்பாவிட்டால் பாட்டு அறுந்துவிடும்!

இப்படி வளர்ந்தவர்தான் குஸ்தாவோ துதாமெல். 1981-ல் பிறந்த இவர், 1999-ல் சிமோன் பொலிவார் இளைஞர் வாத்தியக் குழுவை நடத்தும் பொறுப்பை ஏற்றார். 2009-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் குழுவுக்கு இசை இயக்குநரானார்.

சோதனைக் காலம்

எல்லாம் இனிய நாதமாகவே இருந்துவிடவில்லை. கட்டுப்பாடு மிகக் கடுமை என்றும், அரசாங்கத்தின் பணத்தை நம்பியிருப்பதால் அரசாங்கத்தின் நிழலிலேயே நிற்கிறது என்றும் குறை கூறுகிறவர்கள் உண்டு. நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது, பயின்றவர்கள் பலர் வயலினும் கையுமாக வெளிநாடு சென்றார்கள்.

2017 மே மாதம், அரசாங்கத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில், இந்த இயக்கத்தில் வயோலா பயின்ற இளைஞன் ஒருவன் உயிரிழந்தான். துதாமெல் அரசாங்கத்தைக் கண்டித்து வெளிப்படையாகப் பேசினார். இளைஞர் குழுவுடன் அவர் செல்லவிருந்த அமெரிக்கப் பயணம் அவ்வாண்டே ரத்தாயிற்று. மறு ஆண்டு, 2018 மார்ச்சில், அப்ரேயு காலமானார்.

ஆனாலும் வாத்தியங்கள் ஓயவில்லை. 2021 நவம்பரில் காரகாஸில் 8,573 பேர் ஒன்றுகூடி, ருஷ்ய மேதை சாய்கோவ்ஸ்கியின் இசையை வாசித்தார்கள். உலகிலேயே மிகப் பெரிய வாத்தியக் குழு என்று கின்னஸ் புத்தகம் அதைப் பதிவு செய்தது.

பதினோரு பேரில் தொடங்கியது எண்ணாயிரத்தைத் தாண்டிவிட்டது. எண்ணிக்கை பெரிதுதான். அதைவிடப் பெரிது, ஒரே தாங்கியின் முன் அமர்ந்த இரண்டு பிள்ளைகள். தாளைத் திருப்புகிற பிள்ளை மலைமேல் இருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சரியான நேரத்தில் திருப்பியதா என்பதுதான் கேள்வி!