தோளை இறுக்கும் காத்திருப்பு

பார்க்டேலின் ஜேம்சன் வீதி மாடிக் குடியிருப்புகளில் அகதி விசாரணைத் திகதியை எதிர்பார்த்திருப்போர், கழுத்துப் பிடிப்பை வெறும் வேலைக் களைப்பென்று எண்ணிவிடலாம். ஆனால், அச்சமும் ஏக்கமும் நீடிக்கையில் தோள்கள் எம்மையறியாமலே உயர்ந்து, தசைகள் இறுகியே நின்றுவிடுகின்றன.

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட தசைத் தளர்வு முறை இதற்கு உதவும். கதிரையில் நிமிர்ந்திருந்து, இரு தோள்களையும் காதை நோக்கி உயர்த்தி 5 விநாடிகள் இறுக்குக. பின்னர் மூச்சை வெளிவிட்டுத் தளர்த்துக. அத்தளர்வை 20 விநாடிகள் உணர்ந்திருந்து, இவ்வாறே 5 முறை செய்க. வலிக்குமளவு இறுக்க வேண்டாம்.

கை மரத்தாலோ வலுவிழந்தாலோ, காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலோ தாமதியாது மருத்துவரை நாடுக. அகதிக் கோரிக்கையாளர் மருத்துவரைக் காணும் செலவை மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் ஏற்கிறது. விசாரணை முடியும்வரை வலியைப் பொறுத்திருக்க வேண்டியதில்லை.