ஏலத்தோட்டத்துப் பூஞ்சையும் பிளாஸ்மிடும்

வண்டன்மேட்டிலும் நெடுங்கண்டத்திலும் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் கம்பம், போடி ஆட்கள் டீக்கடையில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "இந்த டிரைக்கோடெர்மா பொடி மரபணு மாத்தினதாங்க?"

இல்லை. அது மண்ணிலிருந்து பிரித்தெடுத்துப் பெருக்கிய இயற்கைப் பூஞ்சை. ஆனால் ஆய்வகத்தில் அதே பூஞ்சைக்கு மரபணு ஏற்றிப் பார்ப்பதும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வீண் பயம் வருகிறது.

பருவமழை விடாமல் பெய்தால் ஏலச்சரத்தில் காய் நீர்கோத்து, நிறம் மங்கி, நாற்றத்தோடு உதிரும். இந்த அழுகலுக்குக் காரணம் பைட்டோப்தோரா. பார்வைக்குப் பூஞ்சை போல் இருந்தாலும் அது பூஞ்சை இனமே அல்ல. அதை அடக்கச் செடியின் தூரில் போடும் டிரைக்கோடெர்மாதான் உண்மையான பூஞ்சை. எதிரியின் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரப்பது அதன் பலம்.

அந்தப் பலம் எந்த மரபணுவில் இருக்கிறது என்று அறிய, ஒரு மரபணுவை முடக்கிப் பார்க்க வேண்டும். அல்லது புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். சேர்க்க வேண்டியதை பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் வைத்து, பாக்டீரியாவில் பெருக்கி எடுக்கிறார்கள். பூஞ்சையின் தடித்த சுவரைத் தாண்டி அது உள்ளே போகாது. ஆகவே இளம் இழைகளை நொதிக் கரைசலில் ஊறவைத்துச் சுவரைக் கரைப்பார்கள். இந்த வேலைக்குப் பல ஆய்வகங்கள் வாங்கும் நொதியே டிரைக்கோடெர்மாவிலிருந்து எடுத்ததுதான்! சுவர் போன செல் தோல்முட்டை மாதிரி. வெறும் தண்ணீரில் போட்டால் வெடித்துவிடும். அதனால் சார்பிட்டால் கரைசலில் வைத்து, கால்சியம் குளோரைடும் பாலிஎத்திலீன் கிளைக்காலும் சேர்த்து, பிளாஸ்மிடைக் கலப்பார்கள். பிறகு ஹைக்ரோமைசின் என்ற மருந்து கலந்த ஊடகத்தில் பரப்புவார்கள். அந்த மருந்தைத் தாங்கும் மரபணுவும் பிளாஸ்மிடில் இருப்பதால், அதை ஏற்றுக்கொண்ட செல் மட்டும் பிழைத்துச் சுவர் கட்டிக்கொள்ளும்.

இதற்குப் பிறகுதான் பொறுமை தேவை. பாக்டீரியாவில் பிளாஸ்மிட் தனி வளையமாகவே பெருகும். இழைப்பூஞ்சையில் பெரும்பாலும் அப்படி நிற்காது. குரோமோசோமுக்குள் போய் ஒட்டிக்கொண்டால்தான் தங்கும். எங்கே ஒட்டும், எத்தனை பிரதி ஒட்டும் என்பது நம் கையில் இல்லை. போகிற இடத்தில் வேறொரு மரபணுவை உடைத்தும் விடலாம். போதாக்குறைக்கு, ஓர் இழையில் பல உட்கருக்கள். சில மாறியிருக்கும், சில மாறாதிருக்கும். எனவே ஒற்றை வித்தைப் பிரித்து வளர்த்து, மறுபடி மறுபடி சோதித்தால்தான் முடிவை நம்பலாம்.

இந்த வித்தை புதிதல்ல. 1973இல் ஆய்வாளர்கள் நவீன் மிஸ்ராவும் எட்வர்ட் டேட்டமும் நியூரோஸ்போரா என்ற பூஞ்சையில் டிஎன்ஏ ஏற்றிக் காட்டினார்கள். 1979இல் மேரி கேஸ் குழுவினர் அதே பூஞ்சையில் பிளாஸ்மிடைக் கொண்டு திறம்படச் செய்தார்கள்.

பாலக்காட்டு வயலுக்கும் இதில் பங்குண்டு. சித்தூர்ப் பக்கம் நெல்லைத் தாக்கும் குலைநோய்ப் பூஞ்சை, இலைமேல் ஓர் அழுத்துறுப்பை உண்டாக்கித் துளைத்து நுழைகிறது. 1996இல் ஷூ, ஹேமர் என்ற ஆய்வாளர்கள் அந்தப் பூஞ்சையில் பிஎம்கே1 என்ற ஒரே மரபணுவை நீக்கினார்கள். அழுத்துறுப்பு உருவாகவில்லை, நோயும் வரவில்லை. செல்லுக்குள் டிஎன்ஏ ஏற்றும் இந்த வித்தை இல்லாமல் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. உழவனுக்கு உதவும் அறிவு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

மரபணு மாற்றிய நுண்ணுயிரை வயலில் விட, 1989ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அனுமதிக்க வேண்டும். ஆகவே பொடி வாங்கும்போது அந்தப் பயம் வேண்டாம். உயிருள்ள பூஞ்சை அது. காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயிலில் வைக்காதீர்கள், மக்கிய தொழுவுரத்தில் கலந்து ஈரமண்ணில் போடுங்கள்.